தொண்ணூறுகளின் பாட்டுக்கு இரண்டே சொந்தக்காரர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், தொண்ணூறுகளின் தொடக்கத்துத் திரையிசை குறித்து வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1992 ஆகஸ்ட் 15 அன்று ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'ரோஜா' வெளியானது, அன்றோடு இளையராஜாவின் காலம் முடிந்து ரஹ்மானின் காலம் பிறந்தது என்பது அதன் சாரம். எழுதியவர் பாட்டை ரசித்துக் கேட்டவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் 1989 முதல் 1996 வரை கோபிசெட்டிபாளையத்தில் ஒலிநாடாவில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை நடத்தியவன் என்ற முறையில், அந்த ஆண்டுகளை அவர் வரைந்திருக்கும் படத்தில் நான் நாள்தோறும் பார்த்த பல பேரைக் காணவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கடை நடந்த விதத்தை இன்றைய வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய பாடல்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருவார். வெற்று ஒலிநாடாவைக் கையோடு கொண்டுவருவோரும் உண்டு, டி.டி.கே.யோ மெல்ட்ராக்கோ எங்களிடமே வாங்கிக்கொள்வோரும் உண்டு. அந்தப் பட்டியலை ஒரு நீள நோட்டில் பெயர்த்தெழுதி, பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்று கணக்கிட்டு, எந்தப் பாட்டை முதல் பக்கத்தில் வைப்பது, எதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுவது என்று முடிவுசெய்வோம். அறுபது நிமிட நாடாவில் பன்னிரண்டு பாடல்கள் அடங்கும் என்பது பொதுவான கணக்கு. 1991 தீபாவளிக்குத் 'தளபதி' வந்த பிறகு இந்தக் கணக்கு அடிக்கடி இடித்தது. அதில் இரண்டு பாடல்கள் ஏழு நிமிடத்தைத் தாண்டுபவை; இரண்டையும் கேட்பவருக்கு ஒரு பக்கத்தில் பாதி அவற்றுக்கே போய்விடும். அவற்றை ஒவ்வொன்றும் ஒன்றரைப் பாட்டு என்று வைத்துக் காசு வாங்கினோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். இப்படிப் பதிந்து கொடுப்பது சட்டப்படி சரிதானா என்று அன்று எங்களை யாரும் கேட்டதில்லை. இன்று கேட்டால் என்னிடம் நல்ல பதிலும் இல்லை.

அந்த நோட்டுகளில் மூன்று மட்டும் கரையானுக்குத் தப்பி இன்னும் என்னிடம் இருக்கின்றன. தங்கள் கட்டுரையைப் படித்த அன்று மாலை அவற்றை எடுத்துப் புரட்டினேன். 1993 தை மாதத்துப் பக்கம் ஒன்றில், அந்தியூர் வழித்தடத்தில் ஓடிய தனியார் பேருந்து ஒன்றின் ஓட்டுநர் தம் வண்டியில் போடுவதற்காகக் கொடுத்த பட்டியல் இருக்கிறது. 'ரோஜா'வில் மூன்று பாடல்கள், 'சின்னத்தம்பி'யிலும் 'அண்ணாமலை'யிலும் இரண்டிரண்டு, 'தேவர் மகன்', 'சேரன் பாண்டியன்', 'அமரன்', 'அழகன்', 'புது வசந்தம்' ஆகியவற்றில் ஒவ்வொன்று. இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான், தேவா, சௌந்தர்யன், ஆதித்யன், மரகதமணி, எஸ்.ஏ. ராஜ்குமார் என்று பன்னிரண்டு பாடல்களுக்குள் ஏழு இசையமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டுநர் இதை எண்ணிப் பார்த்து எழுதியிருக்கமாட்டார். வழியில் பயணிகள் முகம் சுளிக்காமல் கேட்கும் பாட்டு எது என்பது அவருக்குத் தெரியும். அதை எழுதிக் கொடுத்தார். அன்றைய கேட்பு அப்படித்தான் இருந்தது. இளைஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது பிற்பாடு, கல்லூரி விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் நடந்தது; அந்த வாதத்தின் நினைவையே பலர் இன்று வரலாறாக எழுதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல என்பதற்குப் பட நிறுவனம் ஒன்றின் வரிசையே சான்று. 'சிந்து பைரவி', 'புன்னகை மன்னன்', 'புதுப்புது அர்த்தங்கள்' என்று எண்பதுகளில் இளையராஜாவோடு பணியாற்றிய கே. பாலசந்தர், 1991 இல் 'அழகன்' படத்துக்கு மரகதமணியை அழைத்தார். ஆந்திரத்தில் கீரவாணி என்று அறியப்பட்டவர் இவர். பாலசந்தருடைய கவிதாலயா நிறுவனம் 1992 ஜூனில் வெளியிட்ட 'அண்ணாமலை'க்குத் தேவா இசை. அதே நிறுவனம் அதற்கு இரண்டு மாதங்கள் கூட ஆகாத நிலையில் வெளியிட்ட படமே 'ரோஜா'. 1983 முதல் 'தளபதி' வரை தம் படங்கள் அனைத்துக்கும் இளையராஜாவையே நாடிய மணிரத்னம், அந்தப் படத்தில்தான் முதன்முறையாக வேறொருவரிடம் போனார். ஆக, கதவு 'ரோஜா'வுக்கு முன்பே திறந்திருந்தது. அதன் வழியாக ஒருவர் பின் ஒருவராகப் பலர் உள்ளே வந்தார்கள், அவர்களில் ஒருவர் எல்லோரையும்விடப் பெரியவராக வளர்ந்தார். ஆதித்யன் இசையமைத்த 'அமரன்' 1992 பொங்கலுக்கே வந்துவிட்டது. அதில் கார்த்திக் சொந்தக் குரலில் பாடிய பாட்டைக் கேட்டு வராதவர்கள் அந்தத் தை மாதத்தில் எங்கள் கடையில் அரிது. மின்னணுத் தாளமும் மேற்கத்திய ஓசையும் எங்கள் ஊர்க் காதுகளுக்கு அப்போதே பழகத் தொடங்கிவிட்டன. இன்னும் பின்னால் போனால், 1986 இல் 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கணினி வழி இசைக்கோவையைக் கையாண்டிருக்கிறார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

'ரோஜா' வந்ததும் பழையவர் ஒதுங்கிவிட்டார் என்ற தொனி கட்டுரையில் இருக்கிறது. 'ரோஜா'வுக்குப் பத்து வாரங்கள் கழித்து வந்த 1992 தீபாவளிக்குத் 'தேவர் மகன்', 'பாண்டியன்', 'ராசுக்குட்டி' ஆகிய மூன்றும் இளையராஜா இசையில் வெளியாயின. அவரும் எம்.எஸ். விஸ்வநாதனும் சேர்ந்து இசையமைத்த 'செந்தமிழ்ப் பாட்டு' படமும் அந்தத் தீபாவளிக்கு வந்ததுதான். அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளைப் பாருங்கள்: சிறந்த இசையமைப்பாளர் விருது 'ரோஜா'வுக்காக ரஹ்மானுக்கும், சிறந்த பின்னணிப் பாடகி விருது 'தேவர் மகன்' பாட்டுக்காக எஸ். ஜானகிக்கும் போயின. ஒரே ஆண்டில், ஒரே மேடையில் இரண்டு பேருடைய இசைக்கும் இடம் இருந்தது.

'ரோஜா' புதுக்குரல்களைக் கொண்டுவந்தது என்ற பேச்சும் பாதி உண்மைதான். 'ரோஜா'வில் உன்னி மேனனையும் சுஜாதாவையும் கேட்டுவிட்டு, எங்கள் கடைக்கு வந்த பலரும் யாரோ புதியவர்கள் என்றே நினைத்தார்கள். உன்னி மேனன் 1985 இல் 'ஒரு கைதியின் டைரி'யிலும், சுஜாதா 1980 இல் 'ஜானி'யிலும் இளையராஜாவுக்குப் பாடிப் புகழ்பெற்ற பாடல்கள் எங்கள் அலமாரியிலேயே இருந்தன. பழைய நாடாவைப் போட்டுக் காட்டினால் வாய்பிளந்து கேட்பார்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியமும் சித்ராவும் இரு தரப்பிலும் குறைவின்றிப் பாடினார்கள். பாடலாசிரியர்களில் வாலி, 'தளபதி'யின் பாடல்கள் முழுவதையும் எழுதியவர். அடுத்த இரண்டே ஆண்டுகளில் 'ஜென்டில்மேன்' படத்தின் ரயில் பாட்டில் இளைஞர்களை ஆடவைத்தவரும் அவரே.

இந்த இடத்தில் ஸ்வர்ணலதாவைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தங்கள் கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. 1987 இல் 'நீதிக்குத் தண்டனை' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் கே.ஜே. யேசுதாஸுடன் பாடி அறிமுகமானபோது அவர் இன்னும் பள்ளி வயதுச் சிறுமி. 1991 இல் 'சின்னத்தம்பி'யிலும், 'தர்மதுரை'யிலும், 'தளபதி'யிலும் இளையராஜாவுக்குப் பாடினார். 1993 இல் 'ஜென்டில்மேன்' படத்தில் ரஹ்மானுக்காக ஷாகுல் ஹமீதுடன் ஒரு கிராமத்துத் துள்ளல் பாட்டு, 1994 இல் 'காதலன்' படத்தில் மனோவுடன் நாடே ஆடிய ஒரு பாட்டு, அதே ஆண்டில் 'கருத்தம்மா'வுக்காகத் தேசிய விருது. அந்த விருதுப் பாட்டை எங்கள் கடையில் முதன்முதலாகப் போட்டபோது, பதிவுக்குக் காத்திருந்த ஐந்தாறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சந்தைக்கு வந்துவிட்டுப் பாட்டி ஒருவருக்குத் துணையாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்த நம்பியூர்ப் பெண்மணி, பாட்டு முடிந்ததும், "இந்தப் புள்ள அழுதுட்டே பாடுச்சுங்களா, பாடிட்டு அழுதுச்சுங்களா?" என்று கேட்டார். இதற்கு இணையான விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. மெல்லிசை மன்னரிடம் தொடங்கி, இசைஞானியின் குரலாகி, ரஹ்மானின் இசையில் தேசிய விருது பெற்ற இந்தப் பெண், 2010 செப்டம்பரில் முப்பத்தேழு வயதில் மறைந்தார். அந்த மாறுதல் காலத்தை ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் நான் இவரைத்தான் சொல்வேன்.

அப்படியானால் 'ரோஜா'வால் எதுவுமே மாறவில்லையா என்று கேட்கலாம். மாறியது, ஆனால் மாறியதை நான் மெட்டில் உணர்வதற்கு முன் ஒலியில் உணர்ந்தேன். எங்களிடம் இரண்டு டெக் கருவிகள் இருந்தன. ஒன்றில் மூல நாடா ஓடும், மற்றதில் வெற்று நாடா பதியும், நடுவில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சீர்செய்யும் ஓர் ஈக்வலைசர். ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்குப் பதியும்போது 'உஸ்' என்ற இரைச்சல் கொஞ்சம் கூடும். இது எல்லாப் பதிவுக்கும் பொது. இளையராஜாவின் பாடல்களில் வயலின்கள் கூட்டமாக எழுந்து இடைவெளியை நிறைத்துவிடுவதால் அந்த இரைச்சல் யார் காதுக்கும் எட்டாது. 'ரோஜா'விலோ வாத்தியங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நின்றன. ஒரு குரல், ஒரு புல்லாங்குழல், நடுவில் வெறும் அமைதி, பிறகு அடிவயிற்றில் வந்து விழும் ஒரு தாளம். அந்த அமைதிக்குள் எங்கள் நாடாவின் இரைச்சல் துல்லியமாகக் கேட்டது. மூன்று ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்லாத வாடிக்கையாளர்கள் நாடாவைத் திருப்பிக் கொண்டுவந்து, "ஏனுங்ணா, மழ பேயற மாதிரிச் சத்தம் வருதுங்களே" என்றார்கள். டெக்கில் நாடா உரசி ஓடும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி பதிந்து கொடுத்தோம், மழை நின்றபாடில்லை. கடைசியில் லஹரி நிறுவனத்தின் அசல் நாடாவையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாங்களே சொல்ல வேண்டியதாயிற்று. பதிவுக் கடைகளின் வீழ்ச்சிக்கு குறுந்தகடு காரணம் என்பார்கள். எங்களுக்கு முதல் அடி இந்த அமைதியால் விழுந்தது.

இன்னொரு தொல்லை அடித்தாளம். தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் இருந்த பழைய ஒலிபெருக்கிகளுக்கு அந்த ஆழத்தைத் தாங்கும் திராணி இல்லை; காகிதக் கூம்பு படபடவென்று அடித்துக்கொள்ளும். மேலே சொன்ன அந்தியூர் ஓட்டுநர் பத்து நாளில் திரும்பி வந்து, 'ரோஜா' பாடல்களில் மட்டும் பாஸைக் குறைத்துப் பதிந்து தரச் சொன்னார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே "அடி குறைவு" என்று என் கையெழுத்திலேயே குறித்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. பெரிய பெட்டிகள் பொருத்திய பேருந்துகள் வந்தன, "அடி தூக்கலாகப் போடுங்க" என்று அதே வழித்தடத்துக்காரர்கள் கேட்டார்கள்.

வாத்தியக் கலைஞர்களின் பாடு வேறு. கோடம்பாக்கத்தில் ஒரு பெரிய கூடத்தில் ஐம்பது பேரும் பாடகர்களும் ஒன்றாகக் கூடி, ஒருவர் பிழை செய்தால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற நிலையில் பாட்டுப் பதிந்த காலம், இந்த ஆண்டுகளில்தான் மெல்ல விலகியது. தனித்தனித் தடங்களில், தனித்தனி நேரத்தில் வாசித்துச் சேர்க்கும் முறை பரவியபோது வயலின்காரர்களுக்குக் கால்ஷீட் குறைந்தது. எங்கள் ஊர் அளவில் இது மெல்லிசைக் குழுக்களில் தெரிந்தது. பாரியூர் குண்டம் திருவிழாவுக்குக் கச்சேரி செய்த குழுவில் தபேலாவும் டோலக்கும் வாசித்த இருவர், 'ஜென்டில்மேன்', 'காதலன்' பாடல்கள் வந்த பிறகு மேடையின் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். ஆக்டோபேட் என்ற மின்னணுத் தாளக்கருவி வைத்திருந்த இளைஞர் ஒருவர் இருவர் வேலையையும் செய்தார். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. அதுவரை திரையிசை நாடாவின் அட்டையில் படம், இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் என்ற அளவோடு முடிந்துவிடும். ரஹ்மானின் நாடாக்களில்தான் புல்லாங்குழல் வாசித்தவர் யார், கிடார் வாசித்தவர் யார் என்று கலைஞர்களின் பெயர்கள் முறையாக அச்சாகிக் கண்டேன். பல்லாண்டுகள் அவருடைய ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்து 2008 இல் மறைந்த எச். ஸ்ரீதரின் பெயர் எனக்குப் பழக்கமானதும் அந்த அட்டைகளால்தான். முந்தைய பதினைந்து ஆண்டுகளில் இளையராஜாவின் பாடல்களில் அந்த மாயக் குழலை ஊதியவர்கள், அந்த வயலின்களை மீட்டியவர்கள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

இங்கே என் முறையீட்டுக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பாடல்களை இரண்டே பெயர்களுக்குள் அடக்கும் பழக்கம் கட்டுரைகளோடு நிற்கவில்லை. சென்ற மாதம் ஒரு பண்பலை நிலையத்தில் 'வைகாசி பொறந்தாச்சு' படப் பாட்டை ஒலிபரப்பிவிட்டு, ராஜாவின் ராகத்துக்கு ஈடு ஏது என்று அறிவிப்பாளர் உருகினார். 1990 இல் வந்த அந்தப் படத்துக்கு இசை தேவா. இணையத்தில் பாட்டுக் கேட்கும் என் மகனுடைய கைப்பேசியில், 'சேரன் பாண்டியன்' பாட்டும் 'புது வசந்தம்' பாட்டும் 'இளையராஜா இரவுப் பாடல்கள்' என்ற தொகுப்பில் கிடக்கின்றன. கிராமத்து மெட்டாக இருந்தால் ராஜா, நகரத்து ஓசையாக இருந்தால் ரஹ்மான் என்று யாரோ பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். இதனால் இளையராஜாவுக்கு எந்தப் பெருமையும் கூடப்போவதில்லை. சௌந்தர்யன் போன்றவர்களுக்கு இருக்கும் கொஞ்சமும் போய்விடுகிறது. ரஹ்மான் ரசிகர்களும் ஒன்றை அறிய வேண்டும். 1993 இல் வந்த 'கிழக்குச் சீமையிலே' படத்தின் பாடல்களை, மண்வாசனை வீசுகிறதே என்று இளையராஜாவின் கணக்கில் எழுதிக் கேட்டவர்கள் என் நோட்டிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள்.

ஆகவே, இத்தகைய நினைவுக் கட்டுரைகளைத் தாங்கள் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் அதே வேளையில், ஒவ்வொரு பாட்டுக்கும் படம், ஆண்டு, இசை, குரல், வரி ஆகிய ஐந்தையும் சரிபார்த்து அச்சிட்டால் பெரும் உதவியாக இருக்கும். அந்தப் பதிவுக் கூடங்களில் வாசித்த கலைஞர்களில் இன்றும் சென்னையில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் செய்தியாளர் ஒருவரை அனுப்பி, யார் யார் எந்தப் பாட்டில் எதை வாசித்தார்கள் என்று கேட்டு எழுதவைத்தால், அது வேறு எங்கும் கிடைக்காத ஆவணமாக இருக்கும். இன்னும் ஐந்தாண்டு தாமதித்தால் கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்கள்.

என்னிடம் எஞ்சியிருக்கும் மூன்று நோட்டுகளும் 1991 கார்த்திகையிலிருந்து 1994 ஆடி வரையிலானவை. நடுவில் நனைந்து ஒட்டிக்கொண்ட சில பக்கங்களைத் தவிர மற்றவை படிக்கும் நிலையில் உள்ளன. வாடிக்கையாளர்களின் பெயர்களை மறைத்துவிட்டு, தங்கள் நாளிதழுக்கோ, இதை ஆராயும் மாணவர் எவருக்கேனுமோ நகலெடுத்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோபிசெட்டிபாளையம்.